வேர் சிகிச்சைக்குப் பின் கேப்: எஞ்சிய சுவரில் இருக்கிறது கணக்கு

வேர் சிகிச்சை (ரூட் கேனல்) முடிந்து வலி அடங்கியதும் பலரும் கேட்பது, "இதற்கு மேல் கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, வேறு போட வேண்டுமா?" என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. வலித்த பல்லுக்குப் பணம் கொடுக்கக் கை நீளும். வலிக்காத பல்லுக்கு மறுபடியும் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்தச் செலவு தேவையா, வீணா என்பதற்கான விடை விலைப் பட்டியலில் இல்லை. பல்லில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

நரம்பு எடுத்த பல் காய்ந்த விறகைப் போலாகி உடைந்துவிடும் என்று சொல்வது வழக்கம். ஆனால் ஈரம் குறைவதால் பல் பலமிழப்பது மிகச் சிறிதளவே. 1989-இல் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் ஆகிய ஆய்வாளர்கள் பிடுங்கப்பட்ட முன்கடைவாய்ப் பற்களை அளந்து பார்த்தபோது, வேர் சிகிச்சைக்காகத் துளையிட்டு உள்ளே சுத்தம் செய்ததால் பல்லின் விறைப்பு சுமார் 5 சதவீதம்தான் குறைந்தது. மென்று அரைக்கும் பரப்பில் மட்டும் குழி வெட்டியபோது 20 சதவீதமும், முன்னும் பின்னும் உள்ள விளிம்புகளையும் சேர்த்து வெட்டியபோது 63 சதவீதமும் குறைந்தது. பல்லைப் பலவீனமாக்குவது பெரும்பாலும் சொத்தையும் பழைய அடைப்பும் ஏற்கெனவே தின்று முடித்த பகுதிதான்.

அந்த இரு விளிம்புகளும், கன்னத்துப் பக்கச் சுவரையும் நாக்குப் பக்கச் சுவரையும் உத்திரம் போல இழுத்துப் பிடித்திருப்பவை. உத்திரம் போன வீட்டில் நிற்கும் சுவர்களுக்கு நடுவே ஒரு சீடை சிக்கினால் அது ஆப்பாக வேலை செய்கிறது. ஒவ்வொரு கடியிலும் சுவர்கள் மயிரிழை அளவு விரிந்து மூடுகின்றன. பல மாதங்கள் கழித்து, குழியின் அடித்தளத்தில் ஒரு விரிசல் ஓடத் தொடங்குகிறது. அது வேருக்குள் இறங்கிவிட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர பெரும்பாலும் வேறு வழியில்லை. வேர் சிகிச்சைக்குக் கொடுத்த பணமும் அதோடு போகிறது. கேப் செய்யும் வேலை, பீப்பாயைச் சுற்றிப் போட்ட இரும்புப் பட்டையைப் போல அந்தச் சுவர்களை வெளியிலிருந்து கட்டி வைப்பதுதான்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் கட்டணம் நாடு முழுவதும் ஒன்றே என்பதால் ஒப்பிடுவது எளிது. 2025 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்த கட்டணப்படி, வேர் சிகிச்சையும் சாதாரண அடைப்பும் கட்டணப் பட்டியலின் இரண்டாம் படியில் அடங்கி 75.30 பவுண்டு ஆகின. கேப் சேர்ந்தால் மூன்றாம் படி, அப்போது 326.70 பவுண்டு. ஒரே சிகிச்சைத் தொடரில் இரண்டும் நடந்தால் மூன்றாம் படிக் கட்டணம் மட்டுமே. ஆக, அந்தக் கட்டணத்தில் கேப்பின் உண்மை விலை 251.40 பவுண்டு. விளிம்புகள் இரண்டும் முழுதாக உள்ள முன்பல்லுக்கு இந்தத் தொகை பெரும்பாலும் வீண். சிறிய துளையைப் பல் நிறப் பொருளால் அடைத்தாலே போதும். விளிம்புகள் போன கடைவாய்ப் பல்லில் இதை மிச்சம் பிடிப்பதுதான் வீண்.

2002-இல் அக்விலினோவும் கேப்லனும் வெளியிட்ட ஆய்வில், வேர் சிகிச்சைக்குப் பின் கேப் போடாத பற்கள், போட்டவற்றைப் போல 6 மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன. நல்ல நிலையில் இருந்த பற்களுக்கே கேப் போட்டிருக்கக் கூடும் என்பதால் அந்த 6-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் கேப் போட்ட பல் அதிகம் நீடிக்கிறது என்ற திசையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

எந்தப் பொருள் என்பதில் நம் மருத்துவமனைகளில் விலை பல மடங்கு ஏறுகிறது. உலோகக் கேப்புக்குக் குறைவாகவே பல்லைச் சீவினால் போதும், எளிதில் உடையாது, விலையும் குறைவு. பளபளப்புதான் அதன் குறை. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதற்குக் கூடுதலாகச் சீவ வேண்டும், பீங்கான் சில்லு பெயர்வதும் உண்டு. ஜிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகையைக் கணினி வழியே பெரிதாகக் கடைந்து, சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் உலையில் சுட்டுச் சரியான அளவுக்குச் சுருங்க வைக்கிறார்கள். விலையின் ஒரு பகுதி அந்த லேப் வேலைக்குப் போகிறது. சிரித்தாலும் தெரியாத கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கு நான் உலோகத்தையே கேட்பேன்.

பில்லில் 'போஸ்ட்' என்று ஒரு வரி இருந்தால் காரணம் கேட்கலாம். வேருக்குள் இறக்கும் அந்தக் கம்பி பல்லைப் பலப்படுத்துவதில்லை. மேலே கட்டும் அடைப்பு பிடித்து நிற்க இடமில்லாதபோதே அது தேவை. கேப் நிலைக்க, ஈறுக்கு மேல் சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சொந்தப் பல் இருக்க வேண்டும். அது இல்லாத பல்லில் எவ்வளவு விலையுயர்ந்த ஜிர்கோனியாவும் ஒருநாள் போஸ்டோடு சேர்ந்து கையில் வந்துவிடும். அதனால் இந்த 2 மில்லிமீட்டரை அளந்து பார்க்கச் சொல்ல வேண்டிய நேரம், வேர் சிகிச்சை தொடங்கும் முன்பே.