நீ கேப் (முழங்காலில் மாட்டும் இறுக்க உறை) வாங்கும் முன் முழங்காலை அளந்தீர்களா?

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா வந்தார். பூக்கட்டும் தொழில், நாள் முழுக்கச் சம்மணமிட்டு வேலை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்கால் வீங்கியதால் கடையில் நீ கேப் வாங்கியிருந்தார். "இறுக்கமா இருந்தாத்தான் பிடிக்கும்னு ஒரு சைஸ் சின்னதா கொடுத்தாங்க" என்றார். பாதத்தின் மேற்புறம் மரத்துப்போகிறதாம். கழற்றிப் பார்த்தேன். கீழ் விளிம்பு சுருண்டு, கயிறு கட்டியது போலப் பள்ளம் விழுந்திருந்தது.

அந்த இடம் ஆபத்தானது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில் ஒரு சிறு எலும்பு முட்டு இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு வெகு அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. அது நாள்கணக்கில் நசுங்கினால் பாதத்தை மேலே தூக்கவே முடியாமல் போகலாம்.

நீ கேப் என்ன செய்கிறது? வீக்கநீர் சேராமல் மிதமாக அமுக்குகிறது. தோலைத் தொட்டுக்கொண்டே இருப்பதால், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பது மூளைக்குத் தெளிவாகத் தெரிகிறது; நடையில் தைரியம் வருகிறது. இந்த இரண்டுக்கும் மிதமான அழுத்தம் போதும். கிழிந்த ஜவ்வை அது தாங்காது. அதற்குப் பக்கவாட்டில் கீல் வைத்த, மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் பிரேஸ் வேண்டும். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஒரே இழுவிசையில் துணியைச் சுற்றினாலும் அழுத்தம் எங்கும் ஒன்றாக இருக்காது. கூர்மையாக வளைந்து துருத்தும் இடத்தில் அதிகம், பள்ளத்தில் கிட்டத்தட்ட இல்லை. கணுக்காலைப் பாருங்கள்: துருத்திய எலும்பு நசுங்கும், வீக்கம் தேங்கும் பள்ளம் சும்மா கிடக்கும். அதனால்தான் எலும்பைச் சுற்றி லாடம் போல வெட்டிய ஸ்பாஞ்சை வைத்து, அதன்மேல் கிரேப் பேண்டேஜ் சுற்றுகிறோம். விரல் பக்கம் தொடங்கி மேலே போகப்போக இறுக்கம் குறைய வேண்டும். தலைகீழாகச் சுற்றினால் பாதம் வீங்கும்.

முழங்காலில் தொல்லை தருவது பின்பக்க மடிப்பு. அங்கே தையலோ தடித்த துணியோ வந்தால், உட்காரும்போதெல்லாம் சுருண்டு தோலை அறுக்கும். பின்புறம் மெல்லிய பின்னலும் அகலமான, மென்மையான விளிம்பும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பர் சூட்டைப் பிடித்து வைக்கும். நம் ஊர் வெயிலில் வியர்க்குருவும் அரிப்பும் வந்து பலர் மூன்றாம் நாளே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். காற்றுப் போகும் பின்னல் துணி பரவாயில்லை.

அளவுக்கு இஞ்ச் டேப் போதும். அளக்கச் சொல்லிப் பெட்டியில் குறித்திருக்கும் இடத்தில், டேப் தோலைத் தொட வேண்டும், கடிக்கக் கூடாது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அளந்து பாருங்கள். வித்தியாசம் அதிகமென்றால், இறுக்கத்தை மாற்றிக்கொள்ள வெல்க்ரோ (ஒட்டிப் பிரிக்கும் பட்டை) வைத்தது நல்லது.

போட்ட பிறகு கால்விரல் நகத்தை அமுக்கி விடுங்கள். சுமார் 2 வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். விரல் குளிர்ந்தால், நீலம் பாய்ந்தால், மரத்தால் உடனே கழற்றுங்கள். மருத்துவர் வேறு மாதிரிச் சொல்லாதவரை இரவில் வேண்டாம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கிச் சூடாக வலித்தால், ரத்தக்கட்டியாக இருக்கலாம். கட்டுப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்த அம்மாவுக்குச் சரியான அளவில் ஒன்று கொடுத்தோம். சம்மணமிடுவதை விட்டு முக்காலியில் உட்காரச் சொன்னேன். மரத்துப்போவது மெல்லக் குறைந்தது. அடுத்த முறை வந்தபோது பழைய நீ கேப்பையும் பையில் கொண்டுவந்திருந்தார், பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கலாமா என்று கேட்க. முதலில் அவர் காலை அளந்துவரச் சொன்னேன்.