‘ட்ரூப்பி’ என்றால் வாட்டமா, தொய்வா?

‘ட்ரூப்பி’ என்னும் ஆங்கிலப் பெயரடை தளர்ந்து தொங்குவதையும் குறிக்கும், மனம் வாடிச் சோர்ந்திருப்பதையும் குறிக்கும். அதன் வினைவடிவமான ‘ட்ரூப்’, தலைகவிழ்தலைக் குறித்த பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் நீரற்ற செடி வாடுகிறது; துயருற்ற முகமும் வாடுகிறது. ஆகவே இந்த இரட்டைப் பொருள் நமக்குப் புதிதன்று. ஆனால் கண் மருத்துவத்தில் அது தொல்லை தருகிறது. மேலிமை சரிந்த ஒருவரிடம் “ஏன் வாட்டமாக இருக்கிறீர்கள், தூக்கமில்லையா?” என்று எல்லோரும் கேட்கக் கேட்க, அவரும் அதைச் சோர்வென்றே நம்பி, சத்து மாத்திரைகளில் மாதங்களைக் கழித்த பின்னரே எங்களிடம் வருகிறார்.

நேராகப் பார்க்கும்போது மேலிமை கருவிழியின் மேல்விளிம்பை 1 முதல் 2 மி.மீ. வரை மூடியிருப்பது இயல்பு. அதற்கும் கீழே இறங்கினால் இமைத்தொய்வு என்கிறோம். முதுமையாலும், நெடுங்காலம் கான்டாக்ட் லென்ஸ் அணிவதாலும் இமையைத் தூக்கும் தசையின் பிடிப்பு தளர்வதுண்டு, அதில் அவசரமில்லை.

காலையில் சரியாக இருந்த இமை மாலைக்குள் சரிந்தால் மயஸ்தீனியா கிராவிஸ் நோயை நினைக்க வேண்டும். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை உடலின் எதிர்ப்பொருள்களே தடுக்கும் இந்நோயில், மூடிய இமைமேல் 2 நிமிடம் பனிக்கட்டி வைத்து எடுத்தால் இமை 2 மி.மீ. அளவுக்கு உயர்வதைப் பலரிடம் காணலாம். இமை திடீரெனச் சரிந்து, கண்பாவை விரிந்து, கடும் தலைவலியோ இரட்டைப் பார்வையோ சேர்ந்தால், மூளையின் இரத்தக்குழாய் வீங்கி மூன்றாம் மூளைநரம்பை அழுத்திக்கொண்டிருக்கக்கூடும். மறுநாள்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

குழந்தையின் இமை கண்பாவையை மறைத்தால் அந்தக் கண் பார்க்கப் பழகாமலே போய்விடும். வளர வளரச் சரியாகுமென்று காத்திருத்தல் கூடாது. இதற்குச் ‘சோம்பேறிக் கண்’ என்று பெயரிட்டவரும், பாவம், உடற்குறையைக் குணக்குறையாகப் பார்த்தவரே.

எனவே மருத்துவரிடம் ‘ட்ரூப்பி’ என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கண், எப்போதிலிருந்து, எந்த வேளையில் மிகுகிறது என்று சொல்லுங்கள். முடிந்தால் பழைய புகைப்படங்கள் சிலவற்றையும் எடுத்துவாருங்கள். இமை எந்த ஆண்டில் இறங்கத் தொடங்கியது என்பது பெரும்பாலும் அவற்றிலேயே தெரிந்துவிடும்.