பி.ஆர் ரசீது விசா ஆகாது

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த தமிழ்நாட்டுப் பெண்களும், ஜோகன்னஸ்பர்க்கில் மனைவியோடு வந்து சேர்ந்துகொண்ட கணவர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "பி.ஆர் போட்டாச்சே அக்கா, அப்புறம் எதுக்கு விசாவைப் புதுப்பிக்கணும்? மறுபடியும் காசு கட்டணுமா?"

கட்டத்தான் வேண்டும். பி.ஆர் என்கிற நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பம் கொடுத்தீர்கள் என்பதற்கு, விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ் மையத்தில் ஒரு ரசீது தருவார்கள். உங்கள் காகிதங்கள் உள்ளே போய்விட்டன என்பதற்கு மேல் அந்த ரசீதுக்கு எந்தப் பொருளும் கிடையாது. நாட்டில் தங்குவதற்கு அது அனுமதி இல்லை. பி.ஆர் கையில் வருகிற நாள்வரை உங்களைச் சட்டப்படி இங்கே வைத்திருப்பது பாஸ்போர்ட்டில் ஒட்டிய தற்காலிக விசாதான்.

தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தில் இவை இரண்டும் வேறு வேறு பிரிவுகள். இந்நாட்டுக் குடிமகனையோ பி.ஆர் உள்ளவரையோ மணந்தவருக்கு 11(6) பிரிவின்கீழ் ஸ்பவுஸ் விசா கிடைக்கும். வேலை செய்யவோ படிக்கவோ தொழில் நடத்தவோ அதிலேயே அனுமதி கேட்டு வாங்கலாம். பி.ஆர் வருவது 26(பி) பிரிவின்கீழ். அதற்கு ஐந்து வருடம் கணவன் மனைவியாக இருந்திருக்க வேண்டும், உறவு உண்மையானது என்று ஹோம் அஃபேர்ஸ், அதாவது உள்துறை, திருப்தி அடைய வேண்டும். ஒன்றில் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் மற்றொன்றின் தேதி தானாக நீளாது.

இந்த ஐந்து வருடக் கெடுவும் விசா முடியும் தேதியும் பெரும்பாலும் ஒத்துப் போகாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருமணப் பதிவு 2021 மார்ச்சில் என்று வையுங்கள். ஐந்து வருடம் 2026 மார்ச்சில் நிறைகிறது. கையிலிருக்கும் ஸ்பவுஸ் விசா 2026 ஆகஸ்ட் 31 அன்று முடிகிறது. நடுவில் ஐந்து மாதம் இருக்கிறது, மார்ச்சில் பி.ஆர் போட்டுவிட்டால் ஆகஸ்டுக்குள் வந்துவிடும், புதுப்பிக்கும் செலவு மிச்சம் என்று வீட்டில் கணக்குப் போடுவார்கள். வராது. கொரோனா காலத்தில் 2020இல் நிறுத்தப்பட்ட பி.ஆர் விண்ணப்பங்களை மறுபடி வாங்க ஆரம்பித்ததே 2022 ஜனவரியில்தான். அந்தத் தேக்கத்துக்கு முன்பும் சரி, பின்பும் சரி, வருடக்கணக்கில் காத்திருப்பவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஐந்து மாதத்தை நம்பி யாரும் விசாவை விட்டுவிடக் கூடாது.

ஆகஸ்ட் 31இல் முடிகிற விசாவுக்கு ஆகஸ்டில் விண்ணப்பிக்கவும் முடியாது. விசா முடிய 60 நாளுக்குக் குறையாமல் இருக்கும்போதே புதுப்பிப்பு விண்ணப்பம் உள்ளே போக வேண்டும் என்பது விதி. அதாவது ஜூலை 2. வி.எஃப்.எஸ்ஸில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே சில வாரம் ஆகலாம். மே மாதத்திலேயே காகிதம் தயாராக இருந்தால்தான் நிம்மதி. ஆக, இந்தத் தம்பதி மார்ச்சில் பி.ஆர் விண்ணப்பம், மே அல்லது ஜூனில் விசா புதுப்பிப்பு என்று இரண்டையும் செய்ய வேண்டும். கட்டணம் இரண்டு தடவைதான். வேறு வழியில்லை.

காகிதங்களில் ரொம்ப நேரம் பிடிப்பது போலீஸ் கிளியரன்ஸ், அதாவது குற்றப் பதிவு இல்லை என்ற சான்றிதழ். பதினெட்டு வயதுக்குப் பிறகு பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளிலிருந்து வேண்டும், எத்தனை வருடம் பின்னோக்கிக் கேட்கிறார்கள் என்பதை விண்ணப்பப் பட்டியலில் பாருங்கள். நம் ஆட்களில் துபாய், மஸ்கட், சிங்கப்பூர் என்று எங்காவது இரண்டு வருடம் வேலை பார்க்காதவர்கள் குறைவு. இந்தியச் சான்றிதழை டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாக வாங்கிவிடலாம். வளைகுடாவில் பழைய விசா நகல், கைரேகை, அங்கே ஓர் ஆள் என்று அலைச்சல் வரும். இதிலே இன்னொரு சிக்கல், சான்றிதழ் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ரொம்ப முன்னாலேயே வாங்கினால் காலாவதி, தாமதமாகக் கேட்டால் நேரத்துக்கு வராது. அதனால் எது தாமதமாகும் என்று தெரிகிறதோ அதை முதலில் தொடங்குங்கள். தென்னாப்பிரிக்கப் போலீஸ் கிளியரன்ஸையும் மருத்துவ அறிக்கையையும் கடைசியில் எடுங்கள். முடிந்தால் ஒவ்வொன்றிலும் இரண்டு அசல் வாங்கிக்கொள்ளுங்கள், பி.ஆர் விண்ணப்பத்தோடு போன அசல் திரும்பி வந்து புதுப்பிப்புக்கு உதவப் போவதில்லை. பாஸ்போர்ட் தேதியையும் பாருங்கள். பாஸ்போர்ட் ஒன்றரை வருடத்தில் முடியப்போகிறது என்றால் விசாவும் அதற்குள் சுருங்கிவிடும். முதலில் பாஸ்போர்ட், பிறகு விசா.

ஐந்து வருடம் எந்த நாளிலிருந்து என்ற கேள்விதான் நம் சமூகத்தில் அதிகம் சிக்கல் கொடுக்கிறது.

டர்பன் அம்ஜெனி ரோடு கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்ட கல்யாணம் கல்யாணம்தான், யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. இந்து முறைத் திருமணம் சடங்கு நடந்ததால் மட்டும் இங்கே பதிவாகிவிடாது. நடத்திவைத்த குருக்கள் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி நியமிக்கப்பட்ட திருமண அதிகாரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தம்பதி ஹோம் அஃபேர்ஸ் அலுவலகத்துக்குப் போய்த் தனியாகப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள வேண்டும். 1998ஆம் ஆண்டு வழக்காற்றுத் திருமணச் சட்டம் இங்குள்ள ஆப்பிரிக்க மக்களின் மரபுத் திருமணங்களுக்கானது, நம்முடையது அதில் வராது. கோயிலில் 2019, பதிவு 2022 என்று இருப்பவர்கள் பலர். பதிவுத் தேதியிலிருந்து எண்ணினால் மூன்று வருடம் தள்ளிப்போகிறது. திருமணமாகாமல் நிரந்தர உறவில் வாழ்பவர்களையும் சட்டம் கணவன் மனைவியாக ஏற்கிறது என்பதால் பதிவுக்கு முந்தைய வருடங்களை அந்த வழியில் நிரூபிக்கப் பார்க்கலாம். ஆனால் அதற்கு ஒரே முகவரி, கூட்டுச் செலவு, வாடகை ஒப்பந்தம் என்று சான்று வேண்டும். கல்யாண ஆல்பம் மட்டும் போதாது.

இது புதிய தலைவலியும் அல்ல. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, சட்டப்படி பதிவாகாத இந்தியத் திருமணங்கள் செல்லாது என்கிற பொருளில் தீர்ப்புச் சொன்னார். அந்த வழக்கே இந்தியாவிலிருந்து கணவனிடம் வந்த ஒரு மனைவியை உள்ளே விட மறுத்ததில் தொடங்கியது. பெண்கள் சத்தியாகிரகத்தில் இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சிறை சென்று நோயோடு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயது 16. அதே வருடம் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம்தான் நம் மதகுருமார்களைத் திருமண அதிகாரிகளாக நியமிக்க வழி செய்தது. நூறு வருடத்துக்கு மேலாகியும் குருக்களிடம் "நீங்கள் பதிவு செய்யும் அதிகாரம் உள்ளவரா?" என்று கேட்க நமக்குக் கூச்சம். தேதி குறிக்கும்போதே கேளுங்கள்.

தமிழ்நாட்டில் கல்யாணம் நடந்திருந்தால் அங்கே சட்டப்படி செல்லும் திருமணம் இங்கேயும் செல்லும். அதை நிரூபிக்கப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் 90 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம். மண்டப ரசீதும் பத்திரிகையும் வைத்துக்கொண்டு விமானம் ஏறிவிட்டு, பிறகு அப்பாவை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலையவிடுவதைவிட, புறப்படும் முன்னே சான்றிதழ் வாங்கி, அது வெளிநாட்டிலும் செல்ல அப்போஸ்டில் முத்திரையும் போட்டுக்கொண்டு வருவது நல்லது.

இன்னொன்று, கணவர் வேலை விசாவில் வந்து அண்மையில்தான் பி.ஆர் பெற்றவர் என்றால் அவசரப்படாதீர்கள். 26(பி) பிரிவின் வாசகம் குடிமகனின் அல்லது பி.ஆர் உள்ளவரின் துணையாக ஐந்து வருடம் இருந்ததைத்தான் பேசுகிறது. கணவர் வேலை விசாவில் இருந்த வருடங்கள் அதில் சேருமா என்பதை, பணம் கட்டும் முன் ஒரு வழக்கறிஞரிடம் காகிதங்களோடு உட்கார்ந்து கேளுங்கள்.

சரி, விசாவை விட்டுவிட்டால் என்ன ஆகும்? பல மாதம் ஒன்றும் ஆகாது, அதுதான் ஆபத்து. வீட்டில் இருக்கலாம், குழந்தையைப் பள்ளியில் விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். திருச்சியில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று டர்பன் கிங் ஷாகா விமான நிலையத்தில் போய் நிற்கும்போதுதான் எல்லை அதிகாரி தேதியைப் பார்ப்பார். 30 நாள்வரை கூடுதலாகத் தங்கியிருந்தால் 12 மாதம் நாட்டுக்குள் வர முடியாது. 30 நாளைத் தாண்டியிருந்தால் ஐந்து வருடம். கணவரும் குழந்தைகளும் இங்கே, இவர் அங்கே. மேல்முறையீடு செய்ய 10 வேலை நாள்தான் கெடு. உறவு உண்மையானது, பி.ஆர் நிலுவையில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிக் கெஞ்சிய பிறகு சிலருக்குத் தடை நீங்கும். அதுவரை டர்பனில் குழந்தையின் தலையைப் பின்னிவிட ஆள் இல்லை.

தேக்கம் அதிகமான காலங்களில் ஹோம் அஃபேர்ஸ் சலுகைச் சுற்றறிக்கைகள் வெளியிட்டதுண்டு. விசா முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் ஒரு குறிப்பிட்ட தேதிவரை தங்கலாம், வெளியே போய் வரலாம் என்று. அவை பேசியது தற்காலிக விசா, விலக்கு, மேல்முறையீடு ஆகியவற்றைப் பற்றி. பி.ஆர் ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு அதில் நுழைய முடியாது. போன வருடத்துச் சுற்றறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பி "இதோ நீட்டிச்சிட்டாங்க" என்பவர்களை நம்பாதீர்கள், முடிவுத் தேதியை நீங்களே படியுங்கள்.

தேதி தாண்டியே போய்விட்டது என்றால் ஒளிந்துகொள்வதில் பயனில்லை. ஃபார்ம் 20 என்ற ஒரு வழி இருக்கிறது. என் சக்திக்கு மீறிய காரணத்தால் நேரத்துக்கு விண்ணப்பிக்க முடியவில்லை என்று ஆதாரத்தோடு காட்டி, விண்ணப்பம் போடும்வரை தங்க அனுமதி கேட்பது. மருத்துவமனையில் கிடந்தேன் என்பது காரணம். பி.ஆர் வந்துவிடும் என்று நினைத்தேன் என்பதைக் காரணமாக ஏற்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 60 நாள் கெடு தாண்டிவிட்டது, ஆனால் விசா இன்னும் உயிரோடு இருக்கிறது என்ற நிலையில், தாமதத்தின் காரணத்தை எழுதி அன்றைக்கே விண்ணப்பிக்கப் பாருங்கள்.

சுற்றுலா விசாவில் வந்து இங்கேயே ஸ்பவுஸ் விசாவுக்கு மாறுவதும் நடக்கும். முன்பு ஊருக்குத் திரும்பிப்போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது; குடிமக்கள், பி.ஆர் உள்ளவர்கள் ஆகியோரின் துணைக்கும் குழந்தைகளுக்கும் அந்தக் கட்டாயம் செல்லாது என்று 2019 ஜூனில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 90 நாள் விசாவில் 60 நாள் விதியைக் கழித்தால் மிஞ்சுவது முதல் 30 நாள் மட்டும். விருந்துக்குப் போய்ச் சுற்றுவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் ஒரு வார்த்தை. குடிவரவு ஆலோசகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற பழைய ஏற்பாடு 2014இல் நீங்கிவிட்டது. இன்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். "உள்ளே ஆள் இருக்கு, ரெண்டு மாசத்துல பி.ஆர்" என்று சொல்பவரிடம் அசல் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். போலி விசா ஒட்டப்பட்டிருந்தால் மாட்டுவது அவர் அல்ல, நீங்கள்.

பி.ஆர் வந்த பிறகும் இரண்டு வருடம் ஒரு நிபந்தனை உண்டு. அதற்குள் உறவு முறிந்தால் பி.ஆர் காலாவதியாகும், துணை இறந்துபோனால் ஆகாது. பி.ஆர் வருவதற்கு முன்பே பிரிவு நேர்ந்தவர்களுக்கு, இங்கே குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால், 2023 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்பு துணை நிற்கும். மணமுறிவோடு பெற்றோரையும் நாட்டைவிட்டு அனுப்பும் நிலையை அது ஏற்கவில்லை. அப்படி ஒரு நிலைமை வந்தால் விசா முடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆலோசனை கேளுங்கள். எல்லாக் காகிதங்களின் நகலும் உங்களிடமே ஒரு கோப்பில் இருக்கட்டும், கணவரின் மேஜை டிராயரில் வேண்டாம்.