ஒளி பட்ட குடுவையில் கிடைத்த காபன் எதிலிருந்து வந்தது?

தொழிற்சாலைப் புகையிலுள்ள காபனீரொட்சைட்டைச் சூரிய ஒளியால் எரிபொருளாக்கலாமாமே, அதற்கு வேண்டிய தைத்தேனியம் நம் புல்மோட்டை மணலிலேயே இருக்கிறதே என்று, ஆய்வுகூடத்தில் பணிபுரியும் என்னிடம் திருகோணமலை உயர்தர மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால், அம்மணலிலுள்ள இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் கலந்த ஒட்சைட்டு. இரும்பை நீக்கிச் சுத்திகரித்த பின்னரே அது தைத்தேனியமீரொட்சைட்டாகும்.

அந்த வெண்தூளையும், அதைப்போல் ஒளி பட்டால் வினைக்கு இலத்திரன்களைத் தரும் வேறு சில குறைகடத்திகளையும் நீரில் கலந்து, ஒளியூட்டி, காபனீரொட்சைட்டிலிருந்து மெதனோல் முதலியவற்றைப் பெற்றதாக ஜப்பானிய ஆய்வாளர்களான இனோவே, புஜிஷிமா, ஹொண்டா முதலியோர் 1979இல் அறிவித்தனர். நிக்கல் ஊக்கியில் ஐதரசனைச் சேர்த்து மெதேன் ஆக்குவதற்கு வழக்கமாக 300 முதல் 400 பாகை செல்சியஸ் வெப்பம் தேவைப்பட, இங்கே அறை வெப்பநிலையே போதும் என்பதுதான் கவர்ச்சி. எனினும், இத்தூள் உறிஞ்சுவது புறஊதாக் கதிர்களை மட்டுமே. நம் கடற்கரை வெயில் எவ்வளவு சுட்டெரித்தாலும் அதில் அவற்றின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதந்தான். மேலும், காபனீரொட்சைட்டு மூலக்கூறுக்கு ஒற்றை இலத்திரனை மட்டும் ஊட்ட ஏறத்தாழ –1.9 வோல்ற்று மின்னழுத்தம் வேண்டும். தைத்தேனியமீரொட்சைட்டு தருவதோ –0.5 வோல்ற்று அளவே. ஆகவே புரோத்தன்களும் பல இலத்திரன்களும் சேர்ந்தே வினை நிகழவேண்டும்: மெதனோலுக்கு 6 இலத்திரன்கள், மெதேனுக்கு 8.

விளைபொருள் பெரும்பாலும் மைக்ரோமோல் (மோலின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அளவிலேயே கிடைப்பதால், என் தொழில் சார்ந்த சந்தேகம் இங்கேதான் எழுகிறது. ஊக்கியான இத்தூளைத் தயாரித்தபோது அதன் மேற்பரப்பில் ஒட்டிய கரைப்பான் எச்சமும் ஒளியில் சிதைந்து காபனோரொட்சைட்டையோ மெதேனையோ தரக்கூடும். எனவே காபனீரொட்சைட்டுக்குப் பதிலாக ஆகன் வாயுவை நிரப்பியும், இருளில் வைத்தும், ஊக்கியின்றியும் சோதித்து, அப்போது விளைபொருள் வரவில்லை என்று உறுதிசெய்த பின், வழக்கமான காபன்–12ஐ விடப் பாரமான காபன்–13 சமதானியால் குறியிட்ட காபனீரொட்சைட்டைச் செலுத்திப் பார்க்க வேண்டும். அப்போது காபனோரொட்சைட்டின் திணிவு 28இலிருந்து 29ஆக உயர்ந்தால்தான் நம்பலாம். காற்றுக் கசிவால் நுழையும் நைதரசனும் 28இலேயே தோன்றும் என்பதால், வாயுக் கலவையின் கூறுகளைப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்பால் முதலில் அவற்றைப் பிரித்தெடுப்பது அவசியம்.

அதிக விளைச்சல் காட்டும் அறிக்கைகளில் திரையெதனோலமீன் போன்ற இலத்திரன் வழங்கியைத் தேடிப் பாருங்கள். நீர் தரவேண்டிய இலத்திரன்களை அதுவே தந்து செலவழிந்துகொண்டே போவதால், நீரிலிருந்து ஒட்சிசன் வெளிவந்ததா என்று அளந்து காட்டாதவரை அதைச் சூரிய எரிபொருள் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. புகைபோக்கியில் நேரடியாகப் பொருத்துவது இதிலும் கடினம்: அப்புகையில் எஞ்சியிருக்கும் ஒட்சிசன், காபனீரொட்சைட்டுக்கு முன்பாகவே இலத்திரன்களைப் பறித்துக்கொள்ளும்.