இரண்டாவது டீம் தண்டனை இல்லை

"கோச், என் பையனை இரண்டாவது டீமில் போட்டுட்டீங்களாமே?"

போன நவம்பரில் ஒரு அப்பா போனில் கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். கனடாவில் டொராண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் மார்க்கம் (Markham) என்ற ஊரில் 11 வருடமாகப் பிள்ளைகளுக்கு பேஸ்கட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். டீம் பிரித்த வாரத்தில் இப்படி ஒரு போன் வராத வருடமே இல்லை. அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என்பிஏ என்ற பெரிய பேஸ்கட்பால் லீகில் ஆடும் டொராண்டோ ராப்டர்ஸுக்கே ஓர் இரண்டாவது டீம் இருக்கிறது. பெயர் ராப்டர்ஸ் 905. நம் புறநகர்ப் பகுதிகளின் போன் நம்பர் எதில் தொடங்குகிறதோ, அதே 905தான். 2015இல் தொடங்கினார்கள், ஆடுவது டொராண்டோவுக்குப் பக்கத்து ஊரான மிசிசாகாவில். அந்த டீம் இருக்கும் ஜி லீகில் (என்பிஏவுக்குக் கீழே வீரர்களை வளர்க்கும் லீக்) மொத்தம் 31 டீம்கள். மெக்சிகோ சிட்டியைத் தவிர மற்ற 30ம் ஆளுக்கொரு என்பிஏ டீமோடு சேர்ந்தவை.

பாஸ்கல் சியாகமை எடுத்துக்கொள்ளுங்கள். கேமரூன்காரர், பேஸ்கட்பாலுக்கே தாமதமாக வந்தவர். என்பிஏ டீம்கள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் 2016 டிராஃப்டில் 27ஆவது ஆளாக ராப்டர்ஸ் எடுத்தது. முதல் சீசனிலேயே 38 ஆட்டங்களில் முதல் ஐவரில் ஒருவராக இறங்கினார். அப்புறம் வாய்ப்பு குறைந்தது. 2017 பிப்ரவரியில் செர்ஜ் இபாகா என்ற வீரர் வந்து சேர்ந்ததும் சியாகமுக்கு இடமே இல்லாமல் போனது. பெஞ்சில் உட்காரவைத்தே சீசனை முடித்திருக்கலாம். ராப்டர்ஸ் அவரை மிசிசாகாவுக்கு அனுப்பியது.

அங்கே என்ன மாறியது என்பதுதான் முக்கியம். ராப்டர்ஸில் அவருடைய வேலை ஓடுவது, தடுப்பது, ரீபவுண்ட் எடுப்பது (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). 905இல் பந்து அவர் கைக்கு வந்தது. தப்பாக ஆடினாலும் உடனே வெளியே கூப்பிட மாட்டார்கள், அடுத்த முறையும் பந்து அவரிடமே வரும். அந்த ஏப்ரலில் 905 சாம்பியன் ஆனது (லீகுக்கு அப்போது டி லீக் என்று பெயர்). இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் சியாகம். இரண்டு வருடம் கழித்து, 2019 என்பிஏ இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் 17 முறை எறிந்து 14 முறை உள்ளே போட்டு 32 பாயிண்ட் எடுத்தவரும் அவர்தான்.

அதற்காக 905 ஒன்றே அவரை உருவாக்கியது என்று சொல்லிவிட முடியாது. 2017-18இல்கூட அவருடைய மூன்று பாயிண்ட் எறிதலில் (தூரத்திலிருந்து எறிவது) 22 சதவீதம்தான் உள்ளே போனது. அடுத்த சீசனில் 37. நடுவில் ஒரு கோடை முழுக்க எறிந்து எறிந்து பழகிய உழைப்பு இருக்கிறது.

இரண்டு டீமும் பெரும்பாலும் ஒரே ஆட்டமுறையைப் பயில்வதால்தான் கீழே கற்றது மேலே உதவுகிறது. தடுப்பு முறையும் திட்டங்களும் ஒன்றாக இருந்தால், கீழே ஆடியவன் மேலே போனதும் புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அரங்கங்களும் பக்கத்துப் பக்கத்து ஊரில் இருப்பதால், கூப்பிட்ட அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஒப்பந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு என்பிஏ டீமும் மூன்று பேரை 'டூ-வே' ஒப்பந்தத்தில் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் இரண்டு இடத்திலும் ஆடுவார்கள், என்பிஏவில் 50 ஆட்டங்கள் வரை. சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட வேண்டுமென்றால் முழு ஒப்பந்தத்துக்கு மாற வேண்டும். மாண்ட்ரியலில் வளர்ந்த கிறிஸ் பூஷே 2018-19இல் அப்படித்தான் மாறினார். அந்த வருடம் ஜி லீகின் சிறந்த வீரரும் சிறந்த தடுப்பாளரும் அவரே. என்பிஏ ஒப்பந்தம் இல்லாமல் ஜி லீகில் மட்டும் ஆடுபவர்களை எந்த என்பிஏ டீமும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். பாடுபட்டு வளர்த்தவன் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவான் என்று தெரிந்தும் வளர்க்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாட்டில் ரொம்பப் பிடித்தது அதுதான்.

சரி, அந்தப் பையனுக்கு வருகிறேன். வயது 14. வலது கை அருமையாக வரும், இடது பக்கம் போனால் பந்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவான். முதல் டீமில் ஆட்டத்துக்கு ஐந்து ஆறு நிமிடம் கிடைக்கும். அந்த நேரத்தில் தப்பு செய்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் அவன் மனதில் ஓடும். இரண்டாவது டீமில் அவனுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தேன்: கூடையை நோக்கிப் போனால் இடது கையில்தான் முடிக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் ஏழு முறை போனான், ஒன்றும் விழவில்லை. எட்டாவது முறை போவதற்கு முன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். நான் கையை மட்டும் காட்டினேன், போ என்று. அதுவும் விழவில்லை. ஜனவரி கடைசியில்தான் விழ ஆரம்பித்தது.

உங்கள் பிள்ளையை இரண்டாவது டீமில் போட்டால் கோச்சிடம் "ஏன்" என்று கேட்பதைவிட, "அங்கே அவனுக்கு என்ன வேலை, எத்தனை நிமிடம்" என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் உங்கள் கோபம் நியாயம்தான்.

முடிந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் 905 ஆட்டத்துக்குப் போய் வாருங்கள். ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் இருக்கும்போதே உள்ளே போய் உட்காருங்கள். மூலையில் நின்று ஒருவர் எறிந்துகொண்டே இருப்பார், கூடைக்குக் கீழே ஒரு கோச் பந்தை எடுத்து எடுத்துப் போடுவார். அதைப் பிள்ளை பார்க்கட்டும்.