ஷெல்: ஓடும் பருப்பும்

ஷெல்: நாம் தட்டச்சிடும் கட்டளையைப் படித்து, அதற்குரிய நிரலை இயக்கிவைக்கும் நிரல். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து மொத்தமாக இயக்கினால் அது ஷெல் ஸ்கிரிப்ட்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட அலுவலகங்களுக்கு இணைய இணைப்பு அமைத்துத் தரும் தம்பிகள், திரையில் எந்தப் பிழை வந்தாலும் "ஷெல் எரர்" என்றே சொல்கிறார்கள். பல நேரங்களில் ஷெல்லின் மேல் குற்றமே இருக்காது. சொல்லின் பொருள் தெரிந்தால் பழியை எங்கே போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் ஷெல் என்றால் ஓடு. 1960-களின் நடுவில், மல்டிக்ஸ் இயங்குதளத்துக்கான வேலைகளின்போது இந்தப் பெயரை வைத்தவர் பிரெஞ்சுக் கணினியியலாளர் லூயி பூசான். பின்னாளில் பிரான்சில் சிக்லாட் என்ற கணினி வலையமைப்பை உருவாக்கியவரும் அவர்தான். இன்றைய இணைய நெறிமுறை அதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் ஷெல்லைக் கென் தாம்சன் 1971-இல் எழுதினார். இன்று லினக்ஸ் இயங்குதளத்தில் பரவலாக இருக்கும் பாஷ் என்ற ஷெல், 1989-இல் வெளிவந்தது.

ஓடு என்றால் உள்ளே ஏதோ இருக்க வேண்டுமல்லவா? இயங்குதளத்தின் உட்கருவுக்கு ஆங்கிலத்தில் கெர்னல், அதாவது பருப்பு, என்று பெயர். செம்பனை (எண்ணெய்ப் பனை) காட்டுக்கு நடுவே வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பழத்தின் சதையை நீக்கினால் கெட்டியான கறுத்த ஓடு; அதை உடைத்தால் வெள்ளைப் பருப்பு. ஆலையில் பருப்பு தனி எண்ணெய்க்குப் போகும், ஓடு கொதிகலனில் எரியும். கணினியிலும் மனிதர் தொடுவது ஓடுதான். வலையட்டையையும் நினைவகத்தையும் ஆள்வது பருப்பு.

இனி பிழைக்கு வருவோம். விண்டோஸின் நோட்பேடில் எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே லினக்ஸுக்குக் கொண்டுபோனால், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும். வெற்று வரியில் அந்த எழுத்து மட்டும் நிற்கும். ஷெல் அதையும் ஒரு கட்டளை என்று எண்ணித் தேடிவிட்டு, 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று கைவிரிக்கும். வரியில் ஒன்றுமே இல்லையே என்று நாம் விழிப்போம். இது ஓட்டிலேயே நிற்கும் பிழை. வலையமைப்பை இது தொடவே இல்லை. 'டாஸ்2யூனிக்ஸ்' என்ற சிறு நிரலைக் கோப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால் தீர்ந்தது.

'ஆர்டிநெட்லிங்க் ஆன்சர்ஸ்' என்று தொடங்கும் வரி வேறு வகை. அது பருப்பின் பதில். ஷெல் தன் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டது. கணினிக்கு 192.168.10.5/24 என்று முகவரி கொடுத்துவிட்டு, நுழைவாயிலாக, அதாவது வெளியே போகும் வழியாக, 192.168.1.1-ஐக் காட்டினால், அந்த வாயில் வேறு வலையமைப்பில் இருப்பதால் அங்கே போக வழியில்லை என்று கெர்னல் மறுக்கும். ஸ்கிரிப்டில் புள்ளி, கமா தேடிப் பயனில்லை; எண்களைப் பார்க்க வேண்டும். வழித்தடம் சேர்க்கும் ஒரு ஸ்கிரிப்டை இரண்டாம் முறை இயக்கும்போது 'ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்' என்று வருவதும் இந்த வகைதான். கோப்பு எதுவும் அங்கே இல்லை. அந்த வழித்தடம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்பதே அதன் பொருள். (இந்த வாசகத்தை எழுதியவருக்கு ஒரு கும்பிடு!) கட்டளையில் 'ஆட்' (சேர்) என்ற இடத்தில் 'ரீப்ளேஸ்' (மாற்று) என்று போட்டால் முணுமுணுப்பு நின்றுவிடும்.

எந்த வரியில் சிக்கல் என்றே தெரியாவிட்டால், பாஷ் கட்டளையோடு '-எக்ஸ்' குறியைச் சேர்த்து இயக்கலாம். இயங்கப்போகும் ஒவ்வொரு வரியையும் கூட்டல் குறியிட்டு முன்கூட்டியே காட்டும்.

தமிழில் என்ன சொல்வது? கெர்னலைக் கருனி என்று எழுதுகிறவர்கள் உண்டு, நல்ல சொல்தான். ஷெல்லுக்குக் கூடு, உறை என்றெல்லாம் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் கூட்டுக்குள் பறவை இருக்கும், உறைக்குள் கத்தி இருக்கும். பருப்புக்கு வெளியே இருப்பது ஓடுதான். என் வாக்கு அதற்கே. சிப்புட் என்ற மலாய்ச் சொல்லுக்கே நத்தை என்று பொருள் என்பதால், ஓடு எங்கள் ஊருக்கும் அந்நியமில்லை.

ஒரு சங்கடம் இருக்கிறது. வேற்றுமை உருபு ஏறியதும் ஓடு, ஓட்டு ஆகிவிடும். 'ஓட்டில் பிழை' என்று எழுதினால் தேர்தல் செய்தி என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே கட்டளை ஓடு என்று முழுதாக எழுதுவதே நல்லது: 'கட்டளை ஓட்டில் பிழை', 'கருனி மறுத்தது'.