நேட்டிவ் டைட்டில்: பட்டா அல்ல, பாத்தியதை

ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் உரிமைப் போராட்டத்தில் அடிக்கடி வரும் சட்டச்சொல் ‘நேட்டிவ் டைட்டில்’. இதைப் ‘பட்டா’ என்று பெயர்த்தால் பொருள் தலைகீழாகிவிடும். பட்டா அரசு கொடுப்பது. இதை யாரும் கொடுக்கவில்லை. பிரிட்டிஷார் வருமுன்பே அம்மக்களின் வழக்கப்படி இருந்துவந்த உரிமையைப் பிற்காலச் சட்டம் ஏற்றுக்கொண்டது, அவ்வளவுதான்.

இரண்டு சொற்களுக்கும் வேர் லத்தீன். ‘நேட்டிவ்’ பிறப்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ‘டைட்டில்’ என்பதன் மூலமான ‘டிடுலுஸ்’ பொறித்த எழுத்தையும் பெயர்ச்சீட்டையும் குறித்தது. உடைமையுரிமை என்ற பொருள் பின்னால் ஏறியது.

1971இல், வடக்குப் பிரதேசத்தின் கோவ் தீபகற்பத்தில் தங்கள் நிலத்தில் சுரங்கம் வருவதை எதிர்த்துத் தொடுத்த கோவ் வழக்கில் யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்கள் தோற்றார்கள். அப்படியோர் உரிமையை ஆஸ்திரேலியச் சட்டம் அறியாது என்றது தீர்ப்பு. டோரஸ் நீரிணையின் மெர் தீவிலிருந்து எடி மாபோவும் மற்றவர்களும் 1982இல் தொடுத்த வழக்குதான் இதை மாற்றியது. 1992 ஜூன் 3 அன்று, அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் 6–1 என்ற பெரும்பான்மையில் இவ்வுரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க மாபோ இல்லை. அவ்வாண்டு ஜனவரியிலேயே இறந்துவிட்டார். இதையொட்டி 1993இல் நிறைவேறிய நேட்டிவ் டைட்டில் சட்டம் 1994 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது.

உரிமை கோரும் குழு தன் உறுப்பினர்களின் ஒப்புதலோடு ஃபெடரல் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். மனுவைப் பதிவேட்டில் சேர்க்குமுன் நடக்கும் பதிவுத் தேர்வில் தேறினால் சுரங்கம் போன்ற திட்டங்கள் வரும்போது பேச்சுவார்த்தைக்கு உரிமை கிடைக்கும். தடுத்து நிறுத்தும் அதிகாரம் கிடைக்காது. பெரும்பாலும் சிக்குவது சான்றில்தான். மூதாதையரின் சட்டமும் வழக்கமும் பெரும்பாலும் அறுபடாமல் இன்றுவரை தொடர்வதை, வம்சாவளி, சடங்கு, முதியோர் வாக்குமூலம், மானிடவியலாளர் அறிக்கை எனக் கொண்டு நிறுவ வேண்டும். மர்ரி ஆற்றங்கரை யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 1998இல் இதில் தோற்றார்கள். 2002இல் உயர் நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. நிலத்தைவிட்டு விரட்டப்பட்டவர்களிடமே அறுபடாத தொடர்ச்சியைக் கேட்கும் சட்டம் இது.

தனியாருக்கு முழு உடைமையாக விற்ற நிலத்தில் இவ்வுரிமை அற்றுப்போகும். மேய்ச்சல் குத்தகை நிலத்தில் குத்தகையும் இவ்வுரிமையும் சேர்ந்திருக்கலாம், மோதினால் குத்தகையே வெல்லும் என்றது, விக் என்ற பூர்வகுடி மக்கள் தொடுத்த வழக்கின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

இதை ‘லேண்ட் ரைட்ஸ்’ என்பதோடு குழப்பக் கூடாது. வடக்குப் பிரதேசத்துக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம், விற்க முடியாத முழு உடைமையாக நிலத்தைப் பூர்வகுடி அறக்கட்டளைகளுக்கு வழங்குகிறது. அங்கே கனிமத் தேடலுக்குச் சம்மதம் மறுக்கவும் வழியுண்டு. அதற்குப் ‘பூர்வகுடி நிலவுரிமை’ என்ற பெயர் பொருந்தும்.

நேட்டிவ் டைட்டிலுக்கு நம் கிரயப் பத்திரங்களில் புழங்கும் ‘பாத்தியதை’யை எடுத்துப் ‘பூர்வகுடிப் பாத்தியதை’ எனலாம். வடசொல் வேண்டாம் என்பவர்கள் ‘தொல்குடி மரபுவழி உரிமை’ என்று எழுதலாம். இரண்டிலும் ‘நில’ என்ற சொல்லைச் சேர்க்காதிருப்பது நல்லது: ஆறும் கடலும்கூட இவ்வுரிமையில் அடங்கும்.